டீலியா கேட்லியின் வெள்ளைக் கல்

டீலியா கேட்லி வந்து கதவைத் தட்டியபோது, சார்ஜன்ட் ஹேன்லி ரோஸ்காமன் மாவட்டத்தை நான்கு பக்கத்துக்குள் அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் சும்மா உட்காரக் கூடாது என்று மாவட்ட சபையில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். மூன்று தலைப்பு: வரலாறு, நிலம், பார்க்க வேண்டிய இடங்கள். சமையலறை மேசையில் வரைபடம் விரிந்து கிடந்தது. எதிரே, பையை மடியில் வைத்துக்கொண்டு அட்ராக்டா டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத் தபால் கொண்டுவருகிறவள். தபாலோடு சேர்த்துத் தன் அபிப்பிராயத்தையும் எல்லா வீட்டிலும் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

“ரத்க்ரோகன் ராஜாக்களைப் போட்டாச்சு. டவுன்ல இருக்கிற பெரிய கோட்டையைப் போட்டாச்சு. லாக் கீ, லாக் ரீ, ரெண்டு ஏரியும் வந்தாச்சு,” என்றார் ஹேன்லி. “இன்னும் என்ன?”

“ஆடு?”

“ஆட்டைப் பார்க்க யாரு இவ்வளவு தூரம் வருவா?”

“அதுக்கில்ல சார்ஜன்ட். அடுத்த மாவட்டத்துக்காரன் பூரா நம்மள ஆட்டுத் திருடங்கன்னுதானே சொல்றான். இத்தனை வருஷம் போலீஸா இருந்தீங்களே, ஒருத்தனையாவது பிடிச்சீங்களா?”

“ஒருத்தனைப் பிடிச்சேன். உங்க மாமாவை.”

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. டீலியா உள்ளே வந்தாள். எழுபதைத் தாண்டியவள். ஜூலை வெயிலில் கோயிலுக்குப் போடும் கனத்த கோட்டைப் போட்டிருந்தாள். ஹேன்லி அதைக் கவனித்தார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சார்ஜன்ட், ஒரு கல்லைக் காணோம்,” என்றாள் அவள்.

“என்ன கல்லு, டீலியா?”

“எங்க வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற வெள்ளைக் கல்லு. அது வீட்டை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகுது.”

அட்ராக்டா சிரிக்கப் போனாள். டீலியாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

டீலியா மெதுவாகத்தான் சொன்னாள். பாய்ல் டவுனிலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலம். குழந்தை பிறந்தது, அழவில்லை. ஞானஸ்நானம் வாங்காமல் போன குழந்தையைக் கோயில் மண்ணில் புதைக்க அந்தக் காலத்தில் விடமாட்டார்கள். தகப்பன்தான் பொழுது சாயும்போது தனியாக எடுத்துக்கொண்டு போவான். லூக் பெயர்னின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரு வட்டக் கோட்டை இருக்கிறது. பழைய காலத்து மண்கரை, உள்ளே ஒரு முள்மரம். அங்கேதான் கொண்டுபோவார்கள். தாய்மார்கள் போவதில்லை. எந்த இடம் என்று கேட்பதும் இல்லை.

“என் வீட்டுக்காரர் ஜார்லத் திரும்பி வந்தாரு. அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாரு. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்ல, பூட்ஸைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். செம்பழுப்பு மண்ணு. அது உதிர்ற வரைக்கும் கழட்டாம அப்படியே உட்கார்ந்திருந்தாரு. கடைசியில, ‘கோட்டையில முள்மரத்துக்குக் கீழ வெச்சிருக்கேன். தலைமாட்டுல நம்ம வெள்ளைக் கல்லு’ன்னாரு. அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசவே இல்ல.”

“உடுப்பு மாத்தினாரா?”

“இல்லையே. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாத்தான். எந்த மாசம்?”

“மாசம் நினைப்பில்ல சார்ஜன்ட். கட்டிலுக்கு மேல கோரைப்புல் சிலுவை பச்சையாத் தொங்கிச்சு. அவர் தங்கச்சி அப்பத்தான் பின்னிக் கொண்டுவந்திருந்தா. அந்தப் பச்சை வாசனை மட்டும் நினைப்பிருக்கு.”

ஹேன்லி தலையை ஆட்டினார்.

ஜார்லத் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. வருகிற ஞாயிறு கல்லறை ஞாயிறு. வழக்கமாகப் பாதிரியார் கோயில் கல்லறைகளை மட்டும் மந்திரிப்பார். புதிதாக வந்திருக்கும் ஃபாதர் கோல்ம் இந்த வருஷம் கோட்டைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டார். அவரவர் கல் பக்கத்தில் அவரவர் நிற்கலாம். டீலியா நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக நேற்று அங்கே போனாள்.

“எல்லாம் சாம்பல் நிறக் கல்லு. வெள்ளைக் கல்லே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் எங்க போய் நிக்கறது, சொல்லுங்க.”

அட்ராக்டா கோப்பையைக் கீழே வைத்தாள். “லூக் பெயர்ன்தான். அவன் வீட்டு வாசல் தூணைப் பாருங்க. பளபளன்னு வெள்ளைக் கல்லு!”

“மிச்சத் தபாலைக் கொடுத்துட்டு வா,” என்றார் ஹேன்லி. “நான் இவங்களை வீட்ல விட்டுட்டு வரேன்.”

டீலியாவின் வீடு தெற்கே சாலையைப் பார்த்து நிற்கும் பழைய கல்வீடு. சமையலறையில் டீக்குத் தண்ணீர் கொதிக்கும்போது ஹேன்லி கோட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். ஜூலையிலும் கால் பக்கம் ஒரு குளிர்க்காற்று ஊர்ந்தது. வடக்குச் சுவரோடு பெரிய தட்டு அலமாரி ஒன்று நின்றது. அதன் ஓரத்தில் விரல் அகலத்துக்கு வெளிச்சம் ஒழுகியது.

“அலமாரிக்குப் பின்னால ஜன்னலா?”

“அந்தக் கதையைக் கேக்காதீங்க. வடக்குச் சுவத்துல எவனாவது ஜன்னல் வைப்பானா? கல்யாணமான அடுத்த வசந்தத்துல கடப்பாரையை எடுத்துக்கிட்டு இந்த மனுஷன் தன்னந்தனியா உடைச்சாரு. உள்ளங்கை பூரா கொப்புளம். ஊரே சிரிச்சுது. ‘ஜார்லத், குளிரை வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிடறியா’ன்னு கேட்டாங்க. அடைச்சுடுங்கன்னு வருஷா வருஷம் கெஞ்சினேன். என்னைக் குரல் உசத்திப் பேசாத மனுஷன், அது ஒண்ணுக்கு மட்டும் கத்தினாரு. ‘இந்த ஜன்னல்ல கை வைக்காதே’ன்னாரு. அவர் போனப்புறம் லூக்கைக் கூப்பிட்டு அலமாரியை நகர்த்திட்டேன். என் முட்டி என்ன பாவம் பண்ணுச்சு?”

ஹேன்லி சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் ஹேன்லியும் அட்ராக்டாவும் கோட்டைக்குப் போனார்கள். அட்ராக்டா வழியில் லூக் பெயர்னின் வாசல் தூணை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். சுண்ணாம்பு பெயர்ந்து வந்தது. உள்ளே எல்லாரும் வைத்திருக்கும் அதே சாம்பல் கல்தான்.

“சுரண்டி முடிச்சாச்சா? வேணும்னா வீட்டையும் ஒரு தடவை சுரண்டிட்டுப் போயேன்!” என்று பின்னால் இருந்து லூக் கத்தினான். அறுபது வயசு. தொண்டை கட்டிய மாட்டைப் போன்ற குரல். “என்னவாம்? நான் கல்லுத் திருடனா?”

“ஆட்டுத் திருடனை விட ஒரு படி மேலதானே லூக்,” என்றாள் அட்ராக்டா.

“எங்க அம்மா பெத்த ரெண்டு பிள்ளைங்க அந்த மண்ணுல இருக்கு. எனக்கு முந்திப் பிறந்தது. ஒண்ணு புல்லு அறுக்கிற காலம், இன்னொண்ணு கதிர் அறுக்கிற காலம். அங்கேயிருந்து ஒரு கூழாங்கல்லைக் கூட எடுத்ததில்ல. எங்க டிராக்டர் அந்தக் கரையைத் தாண்டினதே இல்ல.”

அட்ராக்டாவின் முகம் விழுந்துவிட்டது. ஹேன்லி அவன் தோளைத் தட்டினார். “வா லூக், நீயே காட்டு.”

மேய்ச்சல் நிலத்தில் ஆடுகள் மேய்ந்தன. போகும் வழியில் ஒரு பழைய கல்வேலி. அதன் கல்லெல்லாம் அடியிலிருந்து மார் உயரம் வரைக்கும் கறுத்துக் கிடந்தது. கரி அப்பியது போலக் காய்ந்த பாசி. அதற்கு மேலே கல் வெளிர் சாம்பல்.

“யாரோ நெருப்பு வெச்சிருக்காங்க, சார்ஜன்ட்!”

“நெருப்பில்ல பொண்ணே,” என்றார் ஹேன்லி. பாசியை விரலால் தொட்டார். அடியில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. லூக்கைத் திரும்பிப் பார்த்தார். “உங்க அப்பா வெட்டின ஓடை எந்த வருஷம்?”

லூக்கின் நெஞ்சு நிமிர்ந்தது. “கேட்லிக்குக் கல்யாணம் ஆன மறு கோடையில. மண்வெட்டியும் கையும்தான், மெஷினெல்லாம் கிடையாது. எங்கப்பன் ஒரு ஏரியையே ஜெயிச்சவன்.”

கோட்டைக்குள் முள்மரத்தடியில் சின்னச் சின்னக் கற்கள் புல்லில் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பேர் இல்லை. ஹேன்லி தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டார். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் சரளை. திரும்பும்போது அறுத்துப் போட்ட புல்லின் வாசனை வந்தது. டீலியா வீட்டுப் பின்புறத்துப் புல்வெளி.

“அதை யாரு அறுக்கறது?”

“நான்தான். ஜார்லத்துக்கு முட்டி போனதிலிருந்து. நடுவுல ஒரு திட்டு மட்டும் விட்டுடுவேன். வயல்கோழி முட்டை போட்டிருக்கும், தொடாதேன்னு சொல்லியிருந்தாரு.” லூக் தலையைச் சொறிந்தான். “வயல்கோழி இந்தப் பக்கம் கத்தி இருபது வருஷம் இருக்கும். அவர்கிட்டச் சொன்னா, ‘வரும்டா, விட்டு வை’ம்பாரு. பழக்கம். இப்பவும் விட்டுடறேன்.”

ஹேன்லி காரை எடுத்தார். காரில் அட்ராக்டா மூன்று பேரைச் சந்தேகப்பட்டாள். அதில் ஒருவர் ஃபாதர் கோல்ம்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் டீலியாவின் சமையலறையில் இருந்தார்கள். லூக் கதவோரம் நின்றான். ஃபாதர் கோல்ம், இன்னும் முகத்தில் பருப் போகாத இளைஞர், சோடா ரொட்டியை மறுக்கத் தெரியாமல் மூன்றாவது துண்டைத் தின்றுகொண்டிருந்தார். டீலியா மடியில் கையைக் கோத்துக்கொண்டு ஹேன்லியையே பார்த்தாள்.

“முதல்ல லூக்கை விட்டுடலாம்,” என்றார் ஹேன்லி.

“சீக்கிரம் விடுங்க, எனக்குப் புல்லு காயுது.”

“யாரும் கல்லைத் திருடல. டீலியா, உங்க கல்லு கோட்டைக்குப் போகவே இல்ல.”

ஃபாதர் கோல்ம் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தார்.

“நீங்க சொன்னதை வெச்சுத்தான் சொல்றேன். கட்டிலுக்கு மேல பச்சைச் சிலுவை. கோரைப்புல் சிலுவை எப்பப் பின்னுவோம்?”

“புனித பிரிஜித் திருநாளுக்கு,” என்றாள் அட்ராக்டா. “பிப்ரவரி முதல் தேதி.”

“அதுதான். ரெண்டு வாரத்துல அது வைக்கோல் மாதிரி ஆயிடும். இன்னும் பச்சையா இருந்துச்சு. அப்போ பிப்ரவரி ஆரம்பம். லூக், உங்கப்பா ஓடை வெட்டறதுக்கு முந்தி, பிப்ரவரியில உங்க மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கும்?”

லூக்கின் வாய் திறந்தது. “ஏரி,” என்றான். “நவம்பர் குளிருக்குத் தரைக்குள்ளேயிருந்து தண்ணி ஊறி மேல வரும். மே மாசம்தான் தரை குடிச்சு முடிக்கும். கோட்டை தீவு மாதிரி நிக்கும்.”

“அந்தக் கறுப்புப் பாசி தண்ணிக்குள்ள முங்கி முங்கி எழுந்திருக்கிற கல்லுலதான் பிடிக்கும். மார் உயரத்துக்குப் பிடிச்சிருந்துச்சு. ஒரு மனுஷன், ஒரு கையில பெட்டி, ஒரு கையில மண்வெட்டி, கூட ஒரு கல்லு. மார்புத் தண்ணியில எப்படிப் போவான்?”

“படகு?” என்றார் ஃபாதர் கோல்ம்.

லூக் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். “ஃபாதர், வருஷத்துல பாதி நாள் ஆடு மேயற ஏரிக்கு எவன் படகு வாங்குவான்?”

“படகு இல்ல. நீந்தவும் இல்ல,” என்றார் ஹேன்லி. “அவர் உடுப்பு மாத்தலைன்னு டீலியா சொன்னாங்க. பூட்ஸ் மண்ணு காய்ஞ்சு உதிர்ந்துச்சு. அதுவும் செம்பழுப்பு மண்ணு. கோட்டையில சாம்பல் சரளைதான் இருக்கு. அவர் வேற எங்கேயோ, காய்ஞ்ச மண்ணுல, கிட்டத்துல தோண்டியிருக்காரு.”

“எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே,” என்றாள் டீலியா. “இத்தனை வருஷம் இங்கயே இருக்கேனே.”

“எப்படித் தெரியும்? நீங்க வந்த முதல் குளிர்காலம். கட்டில்ல கிடந்தீங்க. அடுத்து வந்த கோடையிலேயே ஓடை வெட்டி ஏரியை இறக்கிட்டாங்க. நீங்க அந்தத் தண்ணியைப் பார்த்ததே இல்ல. பார்த்தவங்க யாரும் அதை உங்ககிட்டச் சொல்லணும்னு நினைக்கல. கோட்டைன்னா கோட்டைதான்னு எல்லாரும் இருந்துட்டோம். நானும்தான்.”

அவர் எழுந்து தட்டு அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“அந்த வசந்தத்துல ஒரு மனுஷன் யாரும் உடைக்காத சுவரை உடைக்கறார். ஊர் சிரிக்குது, அடைக்க மாட்டேங்கறார். வயல்கோழி போய் இருபது வருஷம் ஆகியும் ஒரு திட்டுப் புல்லை அறுக்க விடமாட்டேங்கறார். லூக், ஒரு கை கொடு.”

இருவரும் அலமாரியைப் பிடித்து நகர்த்தினார்கள். தட்டுகள் கிணுகிணுத்தன. வெளிச்சம் அறைக்குள் விழுந்தது, கூடவே காற்றும். ஜன்னல் சின்னதுதான், கொஞ்சம் கோணல். கொத்தனார் அல்லாதவன் கட்டிய ஜன்னல். அதன் நட்ட நடுவில், அறுத்த புல்வெளிக்கு மத்தியில், அறுக்காத ஒரு திட்டு இடுப்பு உயரத்துக்கு நின்று ஆடிக்கொண்டிருந்தது.

லூக் தொப்பியைக் கழற்றினான். “நான் டிராக்டரை ஓட்டியிருந்தா...” என்று ஆரம்பித்தான்.

“நீ ஓட்டலையே,” என்றார் ஹேன்லி.

டீலியா நாற்காலியை விட்டு எழுந்தாள். மேலே போட கோட்டு தேடவில்லை, செருப்பைக்கூட மாற்றவில்லை. பின் கதவைத் திறந்து நடந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனார்கள். திட்டின் ஓரத்தில் அவள் நின்றுவிட்டாள். ஹேன்லி புல்லை இரண்டு கையாலும் விலக்கினார். மண்ணில் பாதி இறங்கி, பாசி படியாமல், துடைத்து வைத்தது போல ஒரு வெள்ளைக் கல். யாரோ அதை ரொம்ப காலம் துடைத்து வந்திருக்கிறார்கள்.

டீலியா குனிந்தாள். கல்லின் ஒரு பக்கத்தில் கதவு உரசித் தேய்ந்த பள்ளம் இருந்தது. அவள் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்தது. அங்கேயே நின்றது.

“வெயில் படுது இங்க,” என்றாள். “சாயங்காலம் வரைக்கும் படும், இல்ல?”

“படும்,” என்றான் லூக்.

“ஏன் என்கிட்டச் சொல்லல, சார்ஜன்ட்?”

“அது எனக்குத் தெரியாது, டீலியா. சொல்லியிருந்தா அந்தக் குளிர்ல கட்டிலை விட்டு எழுந்து வந்திருப்பீங்கன்னு பயந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பாதிரியாரை நினைச்சுப் பயந்திருக்கலாம். முதல் நாள் ஒண்ணைச் சொல்லிட்டு, மறுநாள் மாத்திச் சொல்ல வாய் வராமப் போயிருக்கலாம். ஆனா நீங்க தினம் நின்னு பாத்திரம் கழுவற இடத்துலேர்ந்து பிள்ளை தெரியணும்னு நினைச்சிருக்காரு. அதுக்காகச் சுவரை உடைச்சிருக்காரு. அது மட்டும் தெரியும்.”

ஃபாதர் கோல்ம் தொண்டையைச் செருமினார். “நாளைக்கு... பேர் சொல்லி மந்திரிக்கணும்னா, பேர் ஏதாவது...”

டீலியா யாரையும் பார்க்காமல் சொன்னாள். “ஊனா. யார்கிட்டயும் சொன்னதில்ல. அவர்கிட்டக்கூட.”

ஞாயிற்றுக்கிழமை கோட்டையில் கூட்டம் சேர்ந்தது. லூக் தன் இரண்டு கற்களுக்கு நடுவில் நின்றான். எதன் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றதாக அப்புறம் சொன்னான். மந்திரித்து முடிந்ததும் ஃபாதர் தண்ணீர்க் கிண்ணத்தோடு வேலி தாண்டி டீலியாவின் புல்வெளிக்கு இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை. ஊர் முழுக்க அவர் பின்னால் நடந்தது, அறுத்த புல்லை மிதிக்காமல் ஓரமாகவே.

மாவட்டப் புத்தகத்தில் லூக் நிலத்து வட்டக் கோட்டையைச் சேர்க்கச் சொல்லி அட்ராக்டா ஒரு வாரம் நச்சரித்தாள். “வரலாறும் இருக்கு, நிலமும் இருக்கு. பார்க்க வேண்டிய இடத்துல போடக் கூடாதா?”

“அது பார்க்க வர்ற இடமில்ல,” என்றார் ஹேன்லி. அவள் பென்சிலால் சேர்த்திருந்த வரியை அடித்துவிட்டு அங்கே ஆட்டைப் போட்டார்.

நவம்பரில் ஒரு காலை, அட்ராக்டா தபாலோடு டீலியா வீட்டுக்குள் நுழைந்தாள். சமையலறை சில்லென்றிருந்தது. அலமாரி பழைய இடத்துக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு சால்வை போர்த்திக்கொண்டு டீலியா உட்கார்ந்திருந்தாள்.

“ஐயோ, விறைச்சுப் போயிடுவீங்களே! ஒரு கம்பளியாவது தொங்கவிடக் கூடாதா?”

“கதவைச் சாத்து முதல்ல. இங்கேயிருந்து வர்ற குளிரே போதும்.”

அட்ராக்டா கதவைச் சாத்தினாள். பக்கத்தில் வந்து நின்று அவளும் வெளியே பார்த்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அவர் மேல கோவம் வரலையா, டீலியா? நாற்பது வருஷம்.”

“வராம? தினம் திட்டறேன்.” டீலியா சால்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். கண்ணை ஜன்னலிலிருந்து எடுக்கவில்லை. “இங்க உட்கார்ந்துதான் திட்டறேன்.”